ஒரு பவுண்டுப் பெட்டி: பிரிட்டனில் பழைய இசைத்தட்டு வேட்டை

பிரிட்டனின் எந்த ஊரிலும் சாரிட்டி கடைக்குள் நுழைந்தால் மூலையில் தரையோடு தரையாக ஓர் இசைத்தட்டுப் பெட்டி கிடக்கும். அதைத் தொடுவதற்கு முன்பே உள்ளே இருப்பதில் பாதியைச் சொல்லிவிடலாம். ஜிம் ரீவ்ஸ் கட்டாயம் இருப்பார். மாண்டோவானி இருப்பார். ஜேம்ஸ் லாஸ்ட்டின் விருந்துத் தட்டுகள் இரண்டு மூன்று, 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படப்பாடல்கள், வேல்ஸ் நாட்டு ஆண்கள் பாடகர் குழு ஒன்று, கிறிஸ்துமஸ் கீதங்கள், உறை கிழிந்த ஸ்ட்ராஸ் வால்ட்ஸ். பீட்டில்ஸ் இருக்காது. பிங்க் ஃபிளாய்ட் இருக்காது. தப்பித் தவறி உறை இருந்தால் உள்ளே வேறு யாருடைய தட்டோ இருக்கும்.

பழைய தட்டு தேடுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே புலம்பல்தான்: அந்தக் காலம் போய்விட்டது, ஐம்பது பென்ஸுக்குப் பொக்கிஷம் கிடைத்த நாள்கள் இனி வராது, கையில் போன் வைத்திருப்பவன் எல்லாம் நிபுணன் ஆகிவிட்டான். இதில் எவ்வளவு உண்மை? சாரிட்டி கடைகளிலும் பழைய தட்டுக் கடைகளிலும் இன்னும் மிஞ்சியிருப்பது என்ன? பேர் தெரிந்த சரக்கு மலிவாகக் கிடைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. பேர் இல்லாத சரக்கோ அப்படியே கிடக்கிறது. வேட்டை என்பது எப்போதுமே இரண்டாவதில்தான் இருந்தது என்பது என் எண்ணம். முதலாவது வெறும் அதிர்ஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ள, அந்தப் பெட்டிக்குள் தட்டுகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபாம் 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கியது. போர் முடிந்த பின் அந்நகரின் பிராட் ஸ்ட்ரீட்டில் அது திறந்த கடைதான் இன்றைய சாரிட்டி கடைகளுக்கு முன்மாதிரி. இப்போது நாடு முழுவதும் இத்தகைய கடைகள் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இதய நோய் ஆய்வுக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று, உள்ளூர் ஹாஸ்பிஸுக்கு ஒன்று என்று ஒரே தெருவில் நாலைந்து அடுத்தடுத்து நிற்கும். சரக்கு முழுவதும் நன்கொடை. விற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். கடைக்கான உள்ளாட்சி வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. கொடுத்தவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், அவர் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து மேற்கொண்டு 25 பென்ஸ் வரும். இப்படிப்பட்ட கணக்கில் ஓடும் கடைக்கு ஒரு தட்டை ஒரு பவுண்டுக்கு விற்றாலும் நட்டமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு விற்காமல் கிடப்பதுதான் நட்டம்.

நன்கொடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டைக் காலி செய்யும்போது. தாத்தா இறந்துவிட்டார், பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகிறார், பிள்ளைகள் வார இறுதியில் வந்து அலமாரிகளைக் காலி செய்கிறார்கள். நகை, படம், கடிகாரம் பங்கிடப்படும். தட்டுகள் கனமானவை, வைக்க இடமில்லை, போட்டுக் கேட்கக் கருவியுமில்லை. பெட்டியோடு காரில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பேரன் ஒருவன் வந்து டேவிட் போவியையும் லெட் ஸெப்பெலினையும் உருவிக்கொண்டு போயிருப்பான். அவன் விட்டதைக் கடையின் பின்னறையில் பிரித்து அடுக்குகிற தொண்டர் ஒருமுறை சலிப்பார். மதிப்புள்ளவை என்று தோன்றுபவை இணையத்தில் விற்பதற்குத் தனியே போகும். ஆக்ஸ்ஃபாம் 2007இலேயே இணையக் கடை திறந்துவிட்டது. இந்த இரண்டு சல்லடைகளையும் தாண்டி விழுந்ததுதான் தரையில் கிடக்கும் பெட்டி.

ஆகவே அந்தப் பெட்டி ஒரு தலைமுறையின் ரசனைக்கு எஞ்சிய சாட்சி. 33⅓ சுழற்சியில் ஓடும் எல்.பி. தட்டை அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. பிரிட்டனில் டெக்கா 1950இல் வெளியிட்டது. பெரிய அண்ணனான இ.எம்.ஐ. தயங்கித் தயங்கி 1952இல்தான் இறங்கியது. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, முதல் ரேடியோகிராம் வாங்கியவர்கள் இப்போதுதான் விடைபெறுகிறார்கள். அவர்கள் வாங்கியது என்ன என்பது பட்டியல்களில் இருக்கிறது. 1958 நவம்பரில் 'மெலடி மேக்கர்' இதழின் முதல் எல்.பி. வரிசைப் பட்டியல் வந்தபோது 'சவுத் பசிஃபிக்' படப்பாடல் தட்டு முதலிடத்தில் இருந்தது. இடைவிடாமல் 70 வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிறகு விட்டு விட்டு முதலிடம் பிடித்த வாரங்களையும் சேர்த்தால் 115. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 70 வாரம். அறுபதுகள் என்றால் பீட்டில்ஸ், ஸ்டோன்ஸ் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. நடுத்தர வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடியது அந்த இரண்டு படங்களின் பாடல்களை உருவாக்கிய ரோஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும்.

அதே பெட்டியில் நாடு மறக்க விரும்பும் தட்டும் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப்போல் ஆடிப்பாடும் 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை பி.பி.சி. 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. அந்தக் குழுவின் முதல் மூன்று எல்.பி.களும் 1960களின் தொடக்கத்தில் முதலிடம் பிடித்தவை. லட்சக்கணக்கில் விற்றவை ஆகையால் இன்றும் தீர்ந்தபாடில்லை. சில கடைகள் எடுத்து மறைத்துவிடுகின்றன. பல கடைகளில் தொண்டர் அதை ஜிம் ரீவ்ஸுக்கும் கிறிஸ்துமஸ் கீதத்துக்கும் இடையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். சமூக வரலாறு எழுதுகிறவர் நூலகத்துக்குப் போகும் வழியில் இந்தப் பெட்டியையும் ஒருமுறை புரட்டலாம்.

இன்னொரு வகை: 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வரிசை. ஹால்மார்க் என்ற மலிவு விலை நிறுவனம் 1968இல் தொடங்கி எண்பதுகளின் நடுவரை வெளியிட்டது. அந்த மாதத்துப் புகழ்பெற்ற பாடல்களைப் பேர் போடாத ஸ்டுடியோ பாடகர்களை வைத்து அவசர அவசரமாகப் பாடவைத்து, அட்டையில் ஒரு இளம்பெண் படத்தைப் போட்டு, அசலின் விலையில் ஒரு பகுதிக்கு விற்றார்கள். 1971இல் மலிவுத் தட்டுகளையும் வரிசைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டபோது இவை முதலிடத்துக்கே வந்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் அலறியதில் அடுத்த ஆண்டே வெளியேற்றப்பட்டன. இது போன்ற மலிவுத் தட்டுகளில் கூலிக்குப் பாடியவர்களில் புகழடைவதற்கு முந்தைய எல்டன் ஜானும் ஒருவர். அட்டையில் பேர் இல்லாததால் எந்தப் பாட்டில் அவர் குரல் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள்.

தட்டுக் கடையின் கதை வேறு. கார்டிஃபின் ஸ்பில்லர்ஸ் 1894 முதல் இயங்குகிறது. உலகின் மிகப் பழைய ரெக்கார்டு கடை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. லண்டனில் போர்டபெல்லோ சாலையின் ஆனஸ்ட் ஜான்ஸ் 1974இலும், லாட்புரோக் குரோவ் பக்கம் ரஃப் டிரேட் 1976இலும் தொடங்கியவை. சோஹோவின் பெர்விக் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் வரிசையாகத் தட்டுக் கடைகள். ஒயாஸிஸ் குழுவின் 1995 ஆண்டுத் தட்டின் அட்டையில் இருப்பது அந்தத் தெருதான். இங்கே சரக்கைப் பொறுக்கி வைப்பவர் கடைக்காரர். பாட்டி வீட்டுப் பெட்டியை அவரிடம் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் புரட்டி முடித்து நாலு தட்டை எடுத்துக்கொள்வார், மற்றதைத் திருப்பித் தருவார். எடுத்த நாலுக்கும் விற்பனை விலையில் பாதிக்கும் குறைவாகவே கொடுப்பார். வாடகை, மின்சாரம், விற்காமல் கிடக்கும் நாள்கள் எல்லாவற்றுக்கும் அந்த வித்தியாசம்தான் சோறு போட வேண்டும். அவர் திருப்பித் தந்த மீதிதான் மறுநாள் சாரிட்டி கடைக்குப் போகிறது. ஒரே பெட்டி இரண்டாகப் பிரிந்து இரண்டு தெருக்களுக்குப் போகிறது என்று சொன்னால் மிகையில்லை.

நாட்டிங் ஹில்லில் இருக்கும் பழைய தட்டு மாற்றுக்கடை ஒரு சுவாரஸ்யமான வழக்கத்தால் பேர் பெற்றது. ஒட்டிய விலைச்சீட்டிலேயே முந்தைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலையை எழுதுவார்கள். வாரங்கள் ஆக ஆக விலை இறங்கிக்கொண்டே வரும். இன்று வாங்குவதா, இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்து வேறொருவரிடம் பறிகொடுப்பதா என்ற சூதாட்டத்தில் தலைமுறை தலைமுறையாக லண்டன்வாசிகள் ஈடுபட்டிருக்கிறார்கள். குராய்டனில் இருந்த பீனோஸ் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய பழைய தட்டுக் கடை என்று பேசப்பட்டது, பல மாடிகள். 2009இல் மூடப்பட்டது. வினைல் மறுபடியும் எழுந்துகொண்டிருந்த நேரத்தில் அது போனது ஒரு விசித்திரம்.

எழுந்தது என்பது கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டனில் 2007இல் விற்ற புதிய எல்.பி.கள் ஏறக்குறைய இரண்டு லட்சம்தான். 2023இல் 59 லட்சம். தட்டுக் கடைகளுக்கான கொண்டாட்ட நாளாக 2008 ஏப்ரலில் தொடங்கிய ரெக்கார்டு ஸ்டோர் டே இதற்கு ஒரு தள்ளு கொடுத்தது. பழைய தட்டுச் சந்தையில் இதன் விளைவு வேடிக்கையானது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977 ஆண்டு 'ரூமர்ஸ்' கோடிக்கணக்கில் விற்ற தட்டு. அரிது என்று சொல்ல அதில் எதுவுமில்லை. தொண்ணூறுகளில் அதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க யோசிப்பார்கள். இன்று இருபது வயதுக்காரர்கள் எல்லாரும் கேட்பதால் நல்ல நிலையிலுள்ள பழைய பிரதிக்குப் புதிய தட்டின் விலையே சொல்கிறார்கள். அரிதாக இருப்பதால் விலை ஏறுவது ஒரு வகை. எல்லாருக்கும் ஒரே தட்டு வேண்டும் என்பதால் ஏறுவது இன்னொரு வகை. இரண்டாவதை நான் வேட்டையில் சேர்ப்பதில்லை. அது கடைத்தெருவுக்குப் போய் வருவது.

இனி அந்தப் புலம்பலுக்கு வருவோம். இரண்டாயிரமாம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கெவின் லெவாண்டோவ்ஸ்கி என்ற கணினி வல்லுநர் தன் எலெக்ட்ரானிக் இசைச் சேகரிப்பைப் பட்டியலிட டிஸ்காக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கினார். சேகரிப்பாளர்கள் தாங்களே தகவல் சேர்த்துச் சேர்த்து இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வெளியீடுகள் அதில் பதிவாகியுள்ளன. சில ஆண்டுகளில் அங்கேயே விற்பனையும் வந்தது. ஒரு தட்டு கடைசியாக என்ன விலைக்குப் போனது, அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்படி ஆயிற்று. அதற்கு முன் 'ரெக்கார்டு கலெக்டர்' பத்திரிகைக்காரர்கள் வெளியிடும் தடித்த விலைப் புத்தகம் ஒன்றுதான் வழி. அதை மனப்பாடம் செய்தவன் சந்தையில் ராஜா. இப்போது பின்னறைத் தொண்டர் அட்டையின் முதுகில் இருக்கும் எண்ணைப் போனில் தட்டினால் போதும்.

ஆனால் போன் சொல்வது தட்டின் விலையை மட்டும்தான், நிலையை அது சொல்லாது. புதிதுபோல் இருக்கும் பிரதிக்கு 60 பவுண்டு என்றால் காபி கறையும் கீறலும் கொண்ட பிரதிக்கு 5 பவுண்டுகூடத் தேறாது. இந்தப் பாடம் படிக்காத கடைகளில் கீறல் விழுந்த ரெக்கார்டுக்குக் கண்ணாடிப் பெட்டியும் அறுபது பவுண்டு சீட்டும் கிடைக்கின்றன. அடுத்த அலமாரியில், போனில் தேடத் தோன்றாத தட்டு ஒரு பவுண்டுக்குக் கிடக்கிறது. விலைத் தகவல் பரவியதால் தவறுகள் குறையவில்லை, இடம் மாறியிருக்கின்றன.

நிலையைப் பார்ப்பது ஒரு கலை, கொஞ்சம் பொறுமையும் வேண்டும். தட்டை விளிம்பிலும் நடு வட்டத்திலும் மட்டும் தாங்கிப் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத மயிர்க்கோடுகள் சாய்வில் தெரியும். கோடு தெரிந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் பார்ப்பார்கள். நகத்தில் தட்டினால் ஊசியிலும் தட்டும். அதைவிட நம்பகமான சாட்சி நடுத்துளையைச் சுற்றி இருக்கிறது. தட்டைக் கருவியில் மாட்டும்போது துளை தேடி அச்சு உராய்ந்து லேபிளில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழும். கோடுகள் அதிகமென்றால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள். பளபளப்பு ஏமாற்றும், அறுபதுகளின் டான்ஸெட் கருவியில் கனமான ஊசியின் கீழ் ஓடிய தட்டு கண்ணுக்குப் புதிதாகவும் காதுக்கு வறுத்த அப்பளமாகவும் இருக்கும். உறையில் ஈர நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சணம். வினைலைக் காய்ச்சி வடித்த தண்ணீரும் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கலந்து கழுவலாம். 78 சுழற்சி அரக்குத் தட்டின் மேல் அந்தக் கலவை பட்டால் போச்சு. அரக்கை ஆல்கஹால் கரைத்துவிடும்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ் வாசிப்பது. பாட்டு முடிந்து ஊசி வெறுமே சுற்றும் கரும்பட்டையில் எண்களும் எழுத்துகளும் பொறித்திருக்கும். ஹேய்ஸ் நகரில் இருந்த இ.எம்.ஐ. ஆலையில் அடித்த தட்டுகளுக்கு ஓர் அழகான சங்கேதம் உண்டு. லேபிளுக்குக் கீழே இருப்பது எந்த மூலவெட்டிலிருந்து வந்தது என்ற எண். இடப்பக்கம் தாய் அச்சின் எண். வலப்பக்கம் தட்டை அழுத்திய முத்திரை அச்சின் எண். இது மட்டும் எழுத்தில் இருக்கும். கிராமபோன் லிமிடெட் என்ற ஆங்கிலப் பேரின் பத்தெழுத்துச் சுருக்கத்தை (GRAMOPHLTD) வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும்: 'ஜி' என்றால் 1, 'ஆர்' என்றால் 2, 'ஏ' என்றால் 3, கடைசி 'டி' பூஜ்யம். வலப்பக்கத்தில் ஒற்றை 'ஜி' பார்த்தால் அது முதல் முத்திரை அச்சில் அடித்த பிரதி. பீட்டில்ஸின் முதல் எல்.பி. 1963 மார்ச்சில் கறுப்பும் பொன்னுமான பார்லஃபோன் லேபிளோடு வந்தது. சில வாரங்களில் லேபிள் கறுப்பும் மஞ்சளுமாக மாறியது. பாட்டு ஒன்றுதான், ஆனால் பொன் லேபிள் ஸ்டீரியோ பிரதிக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு. கரும்பட்டையில் கையெழுத்தில் 'போர்க்கி' என்று கீறியிருந்தால் வெட்டியவர் ஜார்ஜ் பெக்கம். அந்தக் கையெழுத்துக்காகவே தட்டு வாங்குகிறவர்கள் உண்டு. இதையெல்லாம் கடை விளக்கின் கீழ், பின்னால் ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது வாசிக்க வேண்டும்.

பேர் தெரிந்தவை முடிந்தன. பேர் தெரியாதவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மேற்கத்திய சாஸ்திரிய இசை. சாரிட்டி கடையில் அந்தப் பெட்டியை யாரும் புரட்டுவதில்லை. அதற்குள்தான் இந்தச் சந்தையின் மிக விலை உயர்ந்த சில தட்டுகள் ஒளிந்திருக்க முடியும். லியோனிட் கோகன் வாசித்த பீத்தோவன் வயலின் கான்செர்ட்டோவின் ஸ்டீரியோப் பிரதி, இ.எம்.ஐ.யின் கொலம்பியா லேபிளில் வந்த எஸ்.ஏ.எக்ஸ். 2386, நல்ல நிலையில் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகும். ஜோஹான்னா மார்ட்ஸி தனி வயலினில் வாசித்த பாஹ் தொகுதியும் அப்படியே. இத்தனைக்கும் அது மோனோ. காரணம் எளிது. ஐம்பதுகளின் கடைசியில் ஸ்டீரியோ வாங்கியவர் சிலர், சாஸ்திரிய ஸ்டீரியோ வாங்கியவர் அதிலும் சிலர். அச்சடித்ததே குறைவு. வாங்கியவர்கள் நல்ல கருவி வைத்திருந்தார்கள், பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு ஜப்பானிலும் கொரியாவிலும் ரசிகர்கள் தேடத் தொடங்க, விலை ஏறியது. கோகன் பிரதி கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டியில் கிடக்கும் டெக்காவும் டாய்ச்சே கிராமபோனும் பெரும்பாலும் கீறலின்றி ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். இசை கேட்க மட்டும் தட்டு வாங்குகிறவருக்கு பிரிட்டனில் இதைவிட மலிவான வழி கிடையாது.

அடுத்தது விற்பனைக்கே வராத தட்டுகள். கே.பி.எம்., டி வுல்ஃப் போன்ற நிறுவனங்கள் தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் பின்னணி இசை பதிந்து, ஸ்டுடியோக்களுக்கு மட்டும் அனுப்பிய தட்டுகள் இவை. கே.பி.எம்.மின் புகழ்பெற்ற வரிசைக்கு ஒரே பச்சை உறை, படம் கிடையாது. துரத்தல் காட்சிக்கு ஒன்று, தொழிற்சாலைக் காட்சிக்கு ஒன்று. கேட்பாரற்றுக் கிடந்த இந்த இசையை ஹிப்ஹாப் தயாரிப்பாளர்கள் தோண்டி எடுத்துத் தாளத் துண்டுகளாக வெட்டிக்கொண்டார்கள். அதோடு பச்சை உறையின் காலம் மாறியது. டேவிட் மெக்காலம் என்ற நடிகரின் பேரில் அறுபதுகளில் வந்த வாத்திய இசைத் தட்டும் இப்படித்தான். டேவிட் ஆக்ஸல்ராட் அதில் அமைத்த ஒரு துண்டை ராப் கலைஞர் டாக்டர் டிரே தன் பாட்டில் பயன்படுத்திய பின், அதுவரை நடிகரின் ரசிகைகளுக்கான நினைவுப்பொருளாக மட்டும் இருந்த தட்டைத் தேடி ஆள்கள் அலையத் தொடங்கினார்கள். இந்த மதிப்பு விலைப் புத்தகத்தில் பிறந்ததில்லை. யாரோ ஒருவர் ஒரு பவுண்டுக்கு வாங்கி வீட்டுக்குப் போய்க் கேட்டதில் பிறந்தது.

வட இங்கிலாந்தின் 'நார்தர்ன் சோல்' ரசிகர்கள் இதை ஒரு தலைமுறைக்கு முன்பே செய்துகாட்டினார்கள். அமெரிக்காவில் விற்காமல் போன அறுபதுகளின் கறுப்பிசைத் தட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து, 1973 முதல் 1981 வரை இயங்கிய விகன் கஸினோவில் விடிய விடிய ஆடினார்கள். தட்டு ஓட்டுபவர்கள் போட்டியாளர் கண்ணில் படாமல் இருக்க லேபிளின் மேல் காகிதம் ஒட்டிப் பொய்ப் பேர் எழுதி வைப்பார்கள். தட்டு எது என்ற அறிவே அங்கே முதலீடு. மோட்டவுன் நிறுவனம் 1965இல் அடித்துவிட்டு வெளியிடாமல் அழித்த ஃபிராங்க் வில்சன் தட்டின் விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே மிஞ்சின. அவற்றுள் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விற்றது. நியூயார்க்கில் 2002இல் ஒரு கனடாக்காரர் தெருச் சந்தையில் 75 சென்டுக்கு வாங்கிய மாதிரித் தட்டு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1966 ஆண்டுப் பதிவு என்று பிறகு தெரியவந்து, இறுதியில் 25,200 டாலருக்குப் போனது. அதன் லேபிளில் இருந்தது கையெழுத்துக் குறிப்பு மட்டும். போனில் தேட எண்ணே கிடையாது.

இந்தியா இந்தக் கதைக்குள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனியின் ஆலை இ.எம்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டனில் 78 சுழற்சித் தட்டுகள் 1960 வாக்கில் ஓய்ந்துவிட்டன. இந்தியாவில் மின்சாரமில்லாத வீடுகளில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்ததால், டம்டம் ஆலை பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட 78இல் அடித்தது. லிவர்பூல் பையன்களின் மின்கிடார் இசை அரக்குத் தட்டில்! பின்தங்கிய தொழில்நுட்பம் என்று அன்று நினைத்த அந்தத் தட்டுகள்தாம் இன்று உலகெங்கும் பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் ஏங்கும் பொருள். உடையாமல் பிழைத்தவை கொஞ்சம்தான்.

அப்படியானால் தமிழ்த் தட்டுகள்? ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் தமிழர் இவ்வளவு பேர் வாழ்கிறார்களே, அங்கத்திய சாரிட்டி கடைகளில் இளையராஜாவும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் கிடைக்க வேண்டாமா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். அநேகமாகக் கிடைப்பதில்லை. ஏன் என்பதற்கு என் கணிப்பு இது: ஈழத் தமிழர் பெருந்தொகையாக வந்தது 1983க்குப் பின். அதற்குள் காசெட் வந்துவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எல்.பி. சுமந்து வரவில்லை, வந்த இடத்தில் வாங்கியதும் காசெட்தான். அதற்கு முன் படிப்புக்கும் டாக்டர் வேலைக்கும் வந்த சிறு கூட்டத்தின் வீடுகளில் சுப்ரபாதமும் கொஞ்சம் கச்சேரித் தட்டுகளும் இருந்திருக்கலாம். பஞ்சாபிகளும் குஜராத்திகளும் தட்டுக் காலத்திலேயே இங்கே வீடு போட்டவர்கள். சவுத்தாலிலும் லெஸ்டரிலும் பழைய இந்திப் படத் தட்டுகள் கண்ணில் படுவது அதனால்தான். இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் இசையைத் தொகுத்துப் புதிய வினைலாக வெளியிட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அதன் பின்னால் இருந்தவர்கள் பழைய தட்டுகளைத் துரத்தும் வேட்டைக்காரர்கள். சரண்ஜித் சிங் 1982இல் சிந்தசைசரில் வாசித்த ராகங்களின் தட்டு டெல்லிக் கடையொன்றில் ஒரு டச்சுக்காரர் கண்ணில் பட்டு, 2010இல் மறுபடி வெளியாகி, எலெக்ட்ரானிக் இசையின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டுமா என்ற விவாதத்தைக் கிளப்பியதும் இதே வகைதான்.

ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. சாரிட்டி கடையில் ஐந்நூறு பவுண்டு தட்டு ஒரு பவுண்டுக்குக் கிடைத்தால் சொல்ல வேண்டுமா? வியாபாரியின் கடையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவர் தொழில் அது, அவர் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் தொழிலின் பகுதி. இங்கே பணம் போவது பசிக்கும் புற்றுநோய்க்கும். கேட்ட விலையைக் கொடுத்தேன், கடன் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. உழைத்துத் தேடாதவன் கண்ணில் அது பட்டிருக்காது, ஒரு பவுண்டுக்கும் போகாமல் குப்பைக்குப் போயிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் உண்டு. கேட்டு மகிழ வைத்துக்கொள்கிறவருக்கு இந்த வாதம் பொருந்தும், மறுநாளே இணையத்தில் விற்கிறவருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. விற்று வந்ததில் பாதியை உண்டியலில் போடுகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். ஒரு பவுண்டுத் தட்டை ஐம்பது பென்ஸுக்குக் கேட்டு, சம்பளமில்லாமல் நிற்கும் மூதாட்டியிடம் பேரம் பேசுகிறவர்களைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

வினைல் பெட்டியில் கூட்டம் கூடியிருக்கும் இந்த நேரத்தில் பக்கத்துப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. சி.டி. பத்துப் பென்ஸ், காசெட் இனாம். பல கடைகள் காசெட்டை வாங்கிக்கொள்வதையே நிறுத்திவிட்டன. லண்டனிலும் பாரிஸிலும் டொரொண்டோவிலும் தமிழ்க் கடைகள் எண்பது, தொண்ணூறுகளில் விற்ற காசெட்டுகள் அங்கேதான் போய்ச் சேருகின்றன: கோயில் திருவிழாக் கச்சேரி, உள்ளூர்ப் பாடகரின் மெல்லிசை, வீட்டு டெக்கில் நகலெடுத்த நாடகம், போர்க்காலப் பாடல்கள். பெரும்பாலானவற்றுக்கு டிஸ்காக்ஸில் பதிவில்லை, பட்டியல் எண் இல்லை, ஆண்டுகூடப் போடவில்லை. வினைலைப் போல நூறாண்டு காத்திருக்கும் பொருளும் இல்லை அது. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்கிறது, ஓட்டும் கருவியும் பழுது பார்க்கும் கையும் குறைகின்றன. பிரிட்டிஷ் நூலகம் 2017 முதல் 2022 வரை பழைய ஒலிப்பதிவுகளை எண்மப்படுத்த நாடு தழுவிய திட்டம் நடத்தியது இந்த அவசரத்தால்தான். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் இப்போது காலியாகிக்கொண்டிருக்கும் வீடுகள் காசெட் தலைமுறையின் வீடுகள். பேரன் வந்து சலித்துவிட்டுப் போவதற்கு முன் அங்கே போய்ப் பார்க்கிறவருக்கு விலைப்பட்டியல் எதுவும் உதவாது. காதும் தமிழும் இருந்தால் போதும்.